லேப்டாப்பை மூடினாலும் நிரல் ஓட வேண்டுமென்றால்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் மருந்துக் கடையில் இன்சுலின் வைக்கும் குளிர்ப்பெட்டியில் ஒரு சென்சார் இருக்கிறது. அது தன் அளவை இணையத்தில் ஒரு முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த முகவரியைப் படித்து, வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழே போனாலோ 8 டிகிரிக்கு மேலே ஏறினாலோ உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். வாடகைக்கு எடுத்த உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) சர்வரில் எஸ்எஸ்எச் என்ற தொலைதூர இணைப்பு வழியாக உள்ளே போய், கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் (&) குறி போட்டு, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி ஓட்டுகிறீர்கள். 'எக்ஸிட்' அடித்து வெளியே வந்தால் மறுநாளும் ஓடுகிறது. கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலை அப்படியே மூடினால் உடனே நின்றுவிடுகிறது. லேப்டாப்பை மடக்கி வைத்தால் சில நாள் இரண்டு மணி நேரம்போல ஓடிவிட்டு நிற்கிறது. ஒரு வழிகாட்டி நோஹப் போடு என்கிறது, இன்னொன்று இரண்டு முறை ஃபோர்க் செய் என்கிறது, மூன்றாவது சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் காக்கும் நிரல்) என்கிறது. எதைச் செய்வது, நிரலை டீமன் (டெர்மினலைச் சாராமல் பின்னணியில் ஓடும் நிரல்) ஆக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. டெர்மினல் போனாலும் நிரல் போகக்கூடாது என்பது ஒன்று. எது நடந்தாலும் நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடவில்லையென்றால் அது எனக்குத் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒரு வரியில் விடை உண்டு. உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது. 16 ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து முதலாவதோடு நிறுத்திக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஏன் நிற்கிறது? நீங்கள் எஸ்எஸ்எச்சில் நுழைந்ததும் சர்வரில் உங்களுக்கென்று ஒரு போலி டெர்மினல் உருவாகிறது. அதில் பாஷ் என்ற ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், உட்காருகிறது. நீங்கள் ஓட்டுவதெல்லாம் அந்த ஷெல்லின் பிள்ளைகள். ஆம்பர்சண்ட் போடுவதால் நிரல் டெர்மினலை விட்டு விலகிவிடுவதில்லை. "நீ பின்னால் ஓடு, நான் அடுத்த கட்டளையைக் கவனிக்கிறேன்" என்று ஷெல் சொல்கிறது, அவ்வளவுதான். குடும்பம் அதே குடும்பம். டெர்மினல் அறுந்துபோனால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஷெல்லுக்கு ஹப் என்ற சிக்னலை அனுப்பும். சிக்னல்களில் எண் 1 அதற்குத்தான். தொலைபேசி இணைப்பில் மோடம் வைத்துக் கணினிக்குள் நுழைந்த காலத்துப் பெயர் அது. போனை வைத்துவிட்டார்கள், லைன் போய்விட்டது என்று பொருள். அந்தச் சிக்னல் வந்ததும் பாஷ் தான் போவதற்கு முன் தன் வேலைகள் எல்லாவற்றுக்கும் அதையே அனுப்பிவிட்டுப் போகும். அதைப் பற்றி எதுவும் சொல்லிவைக்காத நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஜன்னலை மூடினால் உடனே நிற்பது இதனால்தான்.

'எக்ஸிட்' அடிக்கும்போது நடப்பது வேறு. அப்போது பாஷுக்கு யாரும் ஹப் அனுப்பவில்லை, அதுவாகவே முடிந்துபோகிறது. தானாக முடியும்போது பின்னணி வேலைகளுக்கு ஹப் அனுப்பும் வழக்கம் பாஷில் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று ஒரு தெரிவு உண்டு, யாராவது அதைப் போட்டிருந்தால் மட்டும் அனுப்பும். அதனால் உங்கள் நிரல் பிழைத்துக்கொள்கிறது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்ததும் இதற்குக் கைகொடுத்திருக்கிறது. திருப்பாமல் விட்டிருந்தால், இல்லாத டெர்மினலில் எழுதப் போகும் அடுத்த பிரின்ட் வரியிலேயே 'இன்புட் அவுட்புட் எரர்' என்று பிழை எண் 5 வந்து நிரல் விழுந்திருக்கும்.

லேப்டாப்பை மடக்கும்போது நடப்பதுதான் பலரைக் குழப்புவது. மடக்கியதும் லேப்டாப் தூங்கிவிடுகிறது. "நான் போகிறேன்" என்று சர்வருக்குச் சொல்வதில்லை. சர்வர் பக்கம் அந்த இணைப்பு இன்னும் திறந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் இயல்பான அமைப்பு என்னவென்றால், 7,200 விநாடிகள் ஒரு பேச்சும் இல்லாமல் இருந்தால் "இருக்கிறாயா" என்று ஒரு சிறு பாக்கெட் அனுப்பிப் பார்ப்பது. பதில் இல்லையென்றால் 75 விநாடி இடைவெளியில் மொத்தம் 9 முறை கேட்டுவிட்டு இணைப்பை முறித்துக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள், 2 மணி 11 நிமிடம். அதன் பிறகு டெர்மினல் அறுகிறது, ஹப் வருகிறது, நிரல் போகிறது. நீங்கள் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது.

இதில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஜன்னலை மூடுவதும் எக்ஸிட் அடிப்பதும் வெவ்வேறு விளைவு தருவதற்குக் காரணம் மேலே சொன்னதுதான், அதில் சந்தேகம் இல்லை. லேப்டாப் மடக்கியபோது நின்றது முழுக்க இதனால்தானா என்பது ஊகம், வலுவான ஊகம். உங்கள் நிரல் தன் சொந்தப் பிழையால் விழுந்திருக்கவும் வழியிருக்கிறது. சர்வரில் நினைவகம் தீர்ந்து கெர்னலே அதைக் கொன்றிருக்கலாம். இரண்டாவதைச் சோதிப்பது சுலபம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி', 'கில்ட் ப்ராசஸ்' என்ற சொற்களோடு உங்கள் நிரலின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். சர்வரை இடையில் ரீபூட் செய்திருந்தால் பழைய வரிகள் அதில் இருக்காது. முதலாவதைச் சோதிக்க, பிழைச் செய்திகளும் கோப்புக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருந்த கட்டளையில் சாதாரண வெளியீடு மட்டும்தான் திருப்பப்பட்டிருக்கிறது. பிழைச் செய்திகள் டெர்மினலோடு போய்விட்டன. இனிமேல் இரண்டையும் திருப்புங்கள்.

அடுத்து, நீங்கள் படித்த அந்த மூன்று வழிகாட்டிகள். நோஹப் செய்வது ஒரே ஒரு காரியம்: ஹப் சிக்னல் வந்தால் கண்டுகொள்ளாதே என்று நிரலுக்குச் சொல்லி ஓட்டுகிறது. வெளியீட்டை நீங்கள் எங்கும் திருப்பவில்லையென்றால் 'நோஹப் டாட் அவுட்' என்ற கோப்பில் சேர்த்துவைக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஓடும் பெரிய கோப்பு நகல், ஒரு தரவுத்தளப் பிரதி, இப்படி ஒருமுறை ஓடி முடியும் வேலைக்கு அது போதும், நானும் பயன்படுத்துகிறேன். டெர்மினலைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் இன்னும் நல்லது, மறுநாள் உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் நோஹப்போ டிமக்ஸோ நிரல் விழுந்தால் தூக்கி நிறுத்தாது, சர்வர் ரீபூட் ஆனால் மறுபடி தொடங்காது. உங்கள் முதல் கேள்விக்கு அவை விடை. இரண்டாவதற்கு அல்ல.

இரண்டு முறை ஃபோர்க் செய்வது பழைய முறை, அதற்கென்று மதிப்பான வரலாறு உண்டு. டீமன் என்ற பெயரே 1963 வாக்கில் எம்ஐடியின் ப்ராஜெக்ட் மேக் குழுவில் பிறந்தது. ஃபெர்னாண்டோ கோர்படோவும் அவருடைய குழுவினரும் ஐபிஎம் 7094 கணினியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பின்னணியில் ஓயாமல் உழைக்கும் நிரல்களுக்கு இயற்பியலில் வரும் 'மேக்ஸ்வெல்லின் டீமன்' நினைவாக அந்தப் பெயரை வைத்தார்கள். மூலக்கூறுகளை ஒரு கதவருகே நின்று வேகமானது இந்தப் பக்கம், மெதுவானது அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டே இருக்கும் கற்பனை உயிர் அது. பேய் பிசாசு என்ற பொருள் அதில் இல்லை. நம் ஊர் எல்லையில் இரவெல்லாம் கண்விழித்து நிற்கும் காவல் தெய்வத்தை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். எஸ்எஸ்எச்டி, ஹெச்டிடிபிடி என்று சர்வர் நிரல்களின் பெயர்கள் 'டி'யில் முடிவது இதனால்தான்.

யூனிக்ஸில் ஒரு நிரல் டீமன் ஆவதற்கு வரிசையாகச் சில காரியங்கள் செய்யும். முதலில் ஃபோர்க் செய்து தன்னைப் போல ஒரு பிள்ளையை உண்டாக்கிவிட்டுத் தாய் வெளியேறிவிடும். பிள்ளை 'செட்சிட்' என்ற அழைப்பால் தனக்கென ஒரு புதிய செஷனை (ஒரே டெர்மினலைப் பகிரும் நிரல்களின் குழு) தொடங்கும், அதற்கு டெர்மினல் கிடையாது. ஆனால் செஷனின் தலைமை அதனிடம் இருக்கிறது. தலைமை ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தற்செயலாக ஒரு டெர்மினல் கோப்பைத் திறந்தால் அது மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அதைத் தடுக்கத்தான் இன்னொரு ஃபோர்க். பேரப்பிள்ளைக்குத் தலைமை இல்லை, அதனால் டெர்மினலும் ஒட்டாது. பிறகு வேர்க் கோப்புறைக்கு நகர்ந்துகொள்ளும், தான் நின்ற டிஸ்க்கை யாராவது கழற்ற வேண்டியிருந்தால் தடையாக இருக்கக்கூடாது என்பதற்காக. திறந்திருக்கும் கோப்புகளை மூடிவிட்டு, உள்ளீடு, வெளியீடு, பிழை மூன்றையும் எழுதியதெல்லாம் மறைந்துபோகும் 'டெவ் நல்' பக்கம் திருப்பிவிடும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, படிக்க வேண்டிய விஷயம். ஆனால் இவ்வளவு பாடும் எதற்காக? நிர்வாகி தன் டெர்மினலிலிருந்தே சேவைகளைத் தொடங்கிய காலம் அது. நிரலே தன் கட்டுகளை அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லாததால், தன் ப்ராசஸ் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுப் போகும். நிரல் செத்த பிறகும் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும், அதே எண் வேறொரு நிரலுக்குப் போயிருக்கும், நிறுத்தப் போனவர் சம்பந்தமில்லாத ஒன்றைக் கொல்வார். இப்படி எத்தனையோ முறை நடந்திருக்கிறது.

சிஸ்டம்டி 2010-ல் லெனார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் தொடங்கியது. உபுண்டுவில் 15.04 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. சர்வர் எழும்போது முதலில் எழும் ப்ராசஸ் அதுவே. அதன் பிள்ளையாக உங்கள் நிரலை ஓட்டினால் டெர்மினல் என்ற பேச்சே இல்லை. கட்டே இல்லாத இடத்தில் அறுக்க என்ன இருக்கிறது? 'பிஎஸ்' கட்டளை போட்டுப் பாருங்கள்: இப்போது உங்கள் நிரலின் வரியில் டெர்மினல் பத்தியில் 'பிடிஎஸ்' என்று எழுதி ஓர் எண் இருக்கும். சேவையாக ஓடும்போது அதே இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். அந்தக் கேள்விக்குறிக்காகத்தான் இரண்டு ஃபோர்க்கும்.

ஆக, என் பதில் இது: நிரலை டீமன் ஆக்காதீர்கள். முன்னணியில் ஓடும் சாதாரண நிரலாகவே வைத்திருங்கள். ஃபோர்க் வேண்டாம், ப்ராசஸ் எண் கோப்பு வேண்டாம், சொல்ல வேண்டியதை பிரின்ட்டில் சொல்லட்டும். காவலை சிஸ்டம்டியிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு வழிகாட்டிகளையும் கலந்து செய்பவர்களுக்கு என்ன ஆகிறது தெரியுமா? நிரல் தானாக ஃபோர்க் செய்துகொள்கிறது, சேவைக் கோப்பில் (எதை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) வகை இயல்பாக 'சிம்பிள்' என்று இருக்கிறது. தாய் ப்ராசஸ் வெளியேறியதும் சேவை முடிந்துவிட்டது என்று சிஸ்டம்டி எடுத்துக்கொண்டு, மீதமிருக்கும் பிள்ளைகளையும் கூட்டிப் பெருக்கிவிடும். நிரல் ஓடவே மாட்டேன் என்கிறது என்று வந்து கேட்பார்கள். மேக் கணினிகளில் இதே வேலையைச் செய்யும் லாஞ்ச்டியும் இதைத்தான் எதிர்பார்க்கிறது, நீயாகப் பின்னணிக்குப் போகாதே என்கிறது. டாக்கர் என்ற கன்டெய்னருக்குள் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் நிரலை ஓட்டுபவர்கள் 'டீமன் ஆஃப்' என்று போடுவதும் அதே காரணத்துக்காக.

ஆனால் சேவைக் கோப்பு எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முகவரியைப் படிக்கும் நிரல் மீதி ஒன்பதரை நிமிடமும் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறது? அதற்கு எதற்கு நாள் முழுக்க ஓடும் நிரல்? உள்ளே இருக்கும் லூப்பை எடுத்துவிட்டு, ஒருமுறை படித்து, பார்த்து, தேவையென்றால் செய்தி அனுப்பி, முடிந்துபோகிற நிரலாக மாற்றிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை எழுப்பும் டைமர் ஒன்றை சிஸ்டம்டியில் வைக்கலாம். ஒரு முறை விழுந்தால் அடுத்த முறை புதிதாக எழும். மெல்ல மெல்ல நினைவகம் கசிவது என்ற தொல்லையும் இல்லை. குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் பழைய கருவியான கிரானும் இதைச் செய்யும், ஆனால் ஒரு வித்தியாசம்: முந்தைய ஓட்டம் முடியாமல் தொங்கினாலும் கிரான் அடுத்ததைத் தொடங்கிவிடும், இரண்டு மூன்று என்று குவியும். சிஸ்டம்டி டைமர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவையை இரண்டாவது முறை தொடங்காது. உங்கள் வேலைக்கு நான் டைமரைத்தான் தேர்ந்தெடுப்பேன். சென்சார் தானாக உங்கள் சர்வருக்கே அளவை அனுப்பும் வகையாக இருந்தால், கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். அப்போது நிஜமாகவே நாள் முழுக்க ஓடும் சேவை தேவை.

சரி, நாள் முழுக்க ஓடும் சேவையே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஈடிசி கோப்புறைக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற இடத்தில், 'டாட் சர்வீஸ்' என்று முடியும் ஒரு கோப்பு எழுத வேண்டும். பத்து வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் கையால் ஓட்டும்போது ஓடிய நிரல் சேவையாக ஓடவில்லை என்ற புலம்பல் எல்லாம் இந்தப் பத்து வரியில்தான் பிறக்கிறது. கையால் ஓட்டும்போது உங்கள் ஷெல் உங்களுக்காகப் பல விஷயங்களைத் தயார் செய்து வைத்திருக்கிறது. சிஸ்டம்டிக்கு அது எதுவும் தெரியாது. உங்கள் பாஷ் அமைப்புக் கோப்பை அது படிக்காது. வேலை செய்யும் கோப்புறை வேர்க் கோப்புறையாக இருக்கும், எனவே 'அமைப்பு டாட் ஜேசன்' என்று வெறும் பெயரில் கோப்பைத் திறக்கும் நிரல் காணவில்லை என்று விழும். 'ஒர்க்கிங் டைரக்டரி' வரியில் முழுப் பாதையைக் கொடுங்கள். பைத்தானின் வர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு நிரலுக்கென்று தனியாக வைக்கும் பைத்தானும் நூலகங்களும்) பயன்படுத்தினால் அதை 'ஆக்டிவேட்' செய்யத் தேவையில்லை. 'எக்ஸெக் ஸ்டார்ட்' வரியில் அந்த என்விரான்மென்ட்டுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதினால் போதும். 'யூசர்' வரியில் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) அல்லாத ஒரு பயனரைப் போடுங்கள். வெப்பநிலை படிக்கும் நிரலுக்கு சர்வரின் முழு அதிகாரம் எதற்கு? செய்தி அனுப்பும் சேவையின் ரகசியச் சாவியைச் சேவைக் கோப்பில் எழுதாதீர்கள். தனிக் கோப்பில் வைத்து, ரூட் மட்டும் படிக்கும்படி செய்து, 'என்விரான்மென்ட் ஃபைல்' வரியில் அதைக் காட்டுங்கள்.

இன்னொன்று, பைத்தான்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வது. சேவை ஓடுகிறது, ஆனால் சேவைகளின் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' போட்டுப் பார்த்தால் பிரின்ட் செய்த ஒரு வரியும் இல்லை. நிரல் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வெளியீடு டெர்மினலுக்குப் போகாதபோது பைத்தான் வரிக்கு வரி அனுப்பாமல் சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை கையிலேயே வைத்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் நிரலுக்கு அது நிரம்பவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். இடையில் கொல்லப்பட்டால் கடைசி வரிகள் போயே போய்விடும், நமக்கு மிகவும் தேவைப்படுவது அந்தக் கடைசி வரிகள்தான். பைத்தானை 'மைனஸ் யு' தெரிவோடு ஓட்டுங்கள், தீர்ந்தது.

'ரீஸ்டார்ட்' வரியைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறு நிறுவனத்தில், அவர்கள் அலுவலகத்திலேயே இருந்த சர்வரில், இரவு விற்பனைக் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் ஒரு சேவையை அமைத்துக் கொடுத்தேன். விழுந்தால் மறுபடி எழுப்பு என்று வரி போட்டிருந்தேன், மனநிறைவாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மின்சாரம் போய் வந்தது. சர்வர் ரௌட்டரை விட முந்தி எழுந்துவிட்டது. நிரல் நெட்வொர்க் இல்லை என்று விழுந்தது, சிஸ்டம்டி எழுப்பியது, விழுந்தது, எழுப்பியது. இரண்டு முயற்சிகளுக்கு நடுவே சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருப்பது 100 மில்லி விநாடி. பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க வேண்டியிருந்தால் இது உருப்படாது என்று கைவிட்டுவிடும். ஆக, சில விநாடிகளில் எல்லா முயற்சியும் தீர்ந்துபோய்ச் சேவை நின்றுவிட்டது. ரௌட்டர் எழுந்தது அதற்குப் பிறகு. திங்கள்கிழமை காலை கணக்காளர் அம்மா போன் செய்து "தம்பி, ரெண்டு நாளா ஒண்ணுமே வரலையே" என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து 'ரீஸ்டார்ட் செக்' என்ற வரியில் 30 விநாடி போடாமல் நான் ஒரு சேவைக் கோப்பையும் விடுவதில்லை. 30 விநாடி இடைவெளியில் அந்த ஐந்து முறை வரம்பு எட்டவே எட்டாது, நெட்வொர்க் வரும்வரை முயன்றுகொண்டே இருக்கும். 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆல்வேஸ்' என்று போடுங்கள். நீங்களே நிறுத்தச் சொன்னால் அப்போதும் நிறுத்தும், அந்தப் பயம் வேண்டாம்.

நிறுத்துவது என்றதும் ஞாபகம் வருகிறது. சேவையை நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் டெர்ம் சிக்னல், அதாவது எண் 15, அனுப்பும். இயல்பாக 90 விநாடி பொறுத்துப் பார்க்கும். அப்போதும் போகவில்லையென்றால் எண் 9, அதை எந்த நிரலாலும் மறுக்க முடியாது. பைத்தானில் கன்ட்ரோல் சி அடித்தால் 'ஃபைனலி' பகுதி ஓடும், ஆனால் டெர்ம் சிக்னலுக்கு இயல்பாக ஓடாது, நிரல் அப்படியே விழும். நீங்கள் அளவுகளை ஒரு கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதிக்கொண்டிருந்தால், டெர்ம் வந்ததும் கையிலிருக்கும் எழுத்தை முடித்துவிட்டு வெளியேற நான்கு வரி சேர்ப்பது நல்லது. எதுவும் எழுதவில்லையென்றால் விட்டுவிடலாம்.

கோப்பை எழுதி முடித்ததும் 'சிஸ்டம்சிடிஎல் டீமன் ரீலோட்', பிறகு 'ஸ்டார்ட்', அப்புறம் 'எனேபிள்'. டீமன் ரீலோட் என்பது சேவைக் கோப்புகளை மறுபடி படி. ஸ்டார்ட் என்பது இப்போது ஓட்டு. எனேபிள் என்பது சர்வர் எழும்போதெல்லாம் ஓட்டு. எனேபிள் செய்ய மறந்தவர்களுக்கு அது அடுத்த ரீபூட் வரை தெரியாது, அந்த ரீபூட் மாதங்கள் கழித்து வரலாம். அதனால் நம்பிக்கையில் விடாமல் சோதித்துப் பாருங்கள். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, நிரலை எண் 9 சிக்னலால் கொல்லுங்கள். 30 விநாடியில் எழுகிறதா என்று 'ஸ்டேட்டஸ்' போட்டுப் பாருங்கள். பிறகு சர்வரையே ரீபூட் செய்யுங்கள். உள்ளே நுழைந்து எதையும் தொடாமல் ஸ்டேட்டஸ் மட்டும் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் செத்த நிரலை எழுப்புவதைப் பற்றி. இதைவிட மோசமானது சாகாமலே நின்றுபோகும் நிரல். இணைய முகவரியைப் படிக்க நீங்கள் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அதில் நேர வரம்பு இயல்பாகக் கிடையாது. எதிர்முனை இணைப்பை ஏற்றுக்கொண்டு பதிலே சொல்லாமல் இருந்துவிட்டால் உங்கள் நிரல் அந்த வரியிலேயே நாள் கணக்கில் காத்திருக்கும். சிஸ்டம்டியைக் கேட்டால் 'ஆக்டிவ், ரன்னிங்' என்று பச்சையில் காட்டும். ப்ராசஸ் இருக்கிறது, அது பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் 'டைம்அவுட்' பத்து விநாடி என்று போடுங்கள். டைமர் வழியில் போனாலும் இது வேண்டும், ஓர் ஓட்டம் தொங்கிவிட்டால் அடுத்தது தொடங்காது என்று மேலே சொன்னேன் அல்லவா. சிஸ்டம்டியில் 'வாட்ச்டாக்' என்ற வசதியும் உண்டு: இத்தனை விநாடிக்கு ஒருமுறை நிரல் தானாக முன்வந்து "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், சொல்லத் தவறினால் கொன்று எழுப்பும். உங்கள் நிரலுக்கு நேர வரம்பே போதும் என்று நினைக்கிறேன், ஆனால் உங்கள் முழு நிரலையும் நான் பார்க்கவில்லை. வேறெங்காவது காத்திருக்கும் வரிகள் இருந்தால் வாட்ச்டாக்கும் சேர்ந்தே இருக்கட்டும். இன்னொரு சந்தேகம்: குளிர்ப்பெட்டிச் சென்சாரின் பேட்டரி தீர்ந்துபோனால் அந்த முகவரி பிழை தருமா, கடைசியாகப் படித்த அளவையே திரும்பத் திரும்பத் தருமா? கடைசி அளவைத் தருமென்றால் உங்கள் நிரல் 5 டிகிரி, 5 டிகிரி என்று நிம்மதியாக இருக்கும். அளவோடு நேரமும் வருகிறதா பாருங்கள், வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் பழையதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சென்சாரைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, தயாரித்தவரின் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் நிரல் ஆபத்து வந்தால் மட்டும் பேசுகிற நிரல். எல்லாம் சரியாக இருக்கும்போதும் அது மௌனம், செத்துக் கிடக்கும்போதும் அது மௌனம். உங்கள் போனில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அந்தப் பெட்டியில் இருப்பது இன்னொருவர் உடம்பில் ஏறப்போகும் மருந்து. வெப்பம் தாக்கிய இன்சுலினைக் கண்ணால் பார்த்தே எப்போதும் கண்டுபிடித்துவிட முடியாது. அதனால் தினமும் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு "நேற்று மிகக் குறைந்தது 3.4, மிக அதிகம் 6.1, 144 முறை படித்தேன்" என்பதுபோல் ஒரு செய்தி வரும்படி செய்யுங்கள். 144 என்பது ஒரு நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீதம். 90 என்று வந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. செய்தியே வராவிட்டால் கடைப் பையன் முதலில் பெட்டியில் இருக்கும் தெர்மாமீட்டரைக் கையால் பார்க்கட்டும், அப்புறம் உங்களைக் கூப்பிடட்டும். கூடவே நிரல் ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் வேறொரு சர்வரில் ஒரு முகவரியைத் தட்டிவிட்டு வரட்டும். அரை மணி நேரம் தட்டு வரவில்லையென்றால் அந்தச் சர்வர் உங்களை எழுப்ப வேண்டும். அது இதே சர்வரில் இருக்கக்கூடாது, சர்வரே விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். இதை அமைத்த அன்றே, சேவையை நிறுத்திவிட்டு முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, உங்கள் போன் அடிக்கிறதா என்று பாருங்கள்.